கரவன் பார்க்கில் ஓர் ஆட்டைத் திவசம்

ஒரு கையில் சோற்றுக் கோப்பை. மற்றக் கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, காஸ் சிலிண்டர்களைப் பூட்டிவைக்கும் கம்பிக்கூட்டுக்குப் பின்னால் நின்று, "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நடு மத்தியானம். ஆனி மாதம். ஆனாலும் உடம்பில் ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு. கடலிலிருந்து வந்த காற்றில் சோறு வெளியே வந்த உடனேயே ஆறிப்போய்விட்டது.

என் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. 'பறவைகளுக்கு உணவு போடக் கூடாது. போடுபவர்கள் பார்க்கை விட்டு வெளியேற்றப்படுவார்கள்.' அதை அங்கே கம்பி சுற்றிக் கட்டியவன் நான்தான்.

காகம் ஒன்றும் வரவில்லை. தூரத்தில் செம்மறிகள் மேயும் புல்வெளியில் சில காகங்கள் நின்றன. அந்தப் பக்கத்துக் காகம் சாம்பல் நிற வெஸ்ட் போட்ட மாதிரி இருக்கும். மனிதரைச் சட்டை செய்யாது.

அது வந்து ஒரு வாய் எடுத்தால்தான் ஆட்களுக்குப் பந்தி போடலாம். வந்த ஆட்களில் ஒருவராவது சாப்பிட்டால்தான் நான் வாய் நனைக்கலாம். அன்று என் மனைவியின் ஆட்டைத் திவசம். அவர் போய் ஒரு வருடம் நிறைந்த திதி. விடியக்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

எனக்குப் பின்னால், என் கரவனுக்குள், பெரிய பானை நிறையச் சோறும் ஐந்து கறியும் இருந்தன. சாப்பிடத்தான் ஆள் இல்லை.

இரண்டு பேர் வேலை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே குசினியில் பெரிய சமையல்காரருக்கு அடுத்த ஆளாக நின்றேன். பிறகு லண்டன். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடை, அது இரண்டானது, அதற்குப் பிறகு ஒரு பெற்றோல் ஸ்டேஷன். வங்கி மனேஜர் கதிரையை விட்டு எழும்பி வந்து கை கொடுத்த ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைப்படுவதற்கு உரிமை உள்ளவன், பெருமைப்படுகிறேன்.

மனைவி போன பிறகு மகள் சுகந்தி என்னை லண்டனின் தென்கோடியில், சட்டனில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நல்ல வீடு. மருமகன் குரல் உயர்த்திப் பேசாதவர். பேரப்பிள்ளைகள் "ஹாய் அம்மப்பா, யூ ஓகே?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் மாடி ஏறிவிடுவார்கள். காலையில் எல்லோரும் போனபின் வீட்டில் நானும் கோப்பை கழுவும் இயந்திரமும்தான் இருப்போம். அது வேலை செய்யும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முன்பு என் கடையில் நின்ற ஒரு போலந்துக்காரன்தான் இந்த வேலையைச் சொன்னான். ஸ்கொட்லாந்தின் வடக்குக் கரையில், விடுமுறைக்காரர்கள் தங்கள் வண்டிவீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தும் ஒரு கரவன் பார்க். வசந்தத்திலிருந்து இலையுதிரும் வரை அங்கேயே தங்கி இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடன் என்று பெயர். அந்த வேலைக்கு எப்போதும் கணவன் மனைவியாகத்தான் ஆள் எடுப்பார்கள்.

முதலாளி அலன் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வியே, உங்கள் மனைவிக்கு என்ன வேலை வரும் என்பதுதான். மனைவி இல்லை, ஆனால் இரண்டு பேர் செய்கிற வேலையை நான் தனியாகச் செய்வேன் என்றேன். சிரித்தார். வேலையைத் தந்தார். வேறு ஆள் கிடைத்திருக்காது என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும்.

சுகந்திக்குக் கோபம் வந்தது. "கடை கடையா நடத்தின ஆள், அங்கை போய்க் கக்கூஸ் கழுவப் போறியளோ?"

"நான் கழுவாத கக்கூஸ் ஐரோப்பாவிலை எங்கையும் இல்லைப் பிள்ளை" என்றேன்.

எனக்குத் தந்த கரவனில் எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தன. இரண்டு கதிரை, இரண்டு கப், கொளுவியில் இரண்டு மஞ்சள் ஜாக்கெட். ஒன்று பெண்பிள்ளை அளவு. அதை மடித்து வைக்க ஓர் அலுமாரி இருந்தது. நான் மடித்து வைக்கவில்லை.

வந்தவர் போவார்

வேலை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. காலையில் குளிக்கும் அறைகளைக் கழுவுவது, கழிவுத்தொட்டி ஊற்றும் இடத்துக்குத் தண்ணீர் அடிப்பது, புல் வெட்டுவது. கேத்திலையும் ஹீற்றரையும் ஒன்றாகப் போட்டுக் கறண்ட் விழுந்துபோனால், ஓடிப்போய்ச் சுவிட்சைத் தூக்கிவிடுவது. யார் கூப்பிட்டாலும் அடுத்த நிமிடம் நான் நிற்பேன். கடைக்காரனுக்கு ஆளைக் காக்க வைக்கத் தெரியாது.

வானோ கரவனோ, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஆறு மீற்றர் இருக்க வேண்டும். ஒன்றில் தீப்பற்றினால் மற்றதுக்குத் தாவக் கூடாது என்பதற்காக. அதை நான் கயிறு பிடித்து அளப்பேன். எனக்கு முன் இருந்தவர்கள் கண்மட்டத்திலேயே அளந்து விட்டார்களாம். என் காலத்தில் அப்படி நடக்கவில்லை.

ஆனால் அந்த ஆறு மீற்றர் எனக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மாலையில் வருவார்கள். நான் கையைக் காட்டிக் காட்டி அவர்களைப் பின்னுக்கு எடுத்துவிடுவேன். நன்றி சொல்வார்கள், காலநிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள், திரைச்சீலையை இழுத்துவிடுவார்கள். இரண்டு நாளில் போய்விடுவார்கள். வான் நின்ற இடத்தில் புல் மஞ்சளாகக் கிடக்கும். அது பச்சையாவதற்குள் அடுத்த வான் வந்துவிடும்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். லண்டன் என்பேன். இல்லை, அதற்கு முன்? பாரிஸ் என்பேன். அதற்கு மேல் கேட்கிற துணிவு யாருக்கும் வராது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இரவு சாப்பாட்டு நேரத்திலும் வெளிச்சம் இருக்கும். கடையில் வெளிச்சம் என்றால் வியாபாரம். அங்கே அது சும்மா கிடந்தது.

சல்யூட் அடித்த மனுசி

பருவம் முழுவதும் தங்கியிருந்தவர் ஒரே ஒருவர். ஜீன் என்ற கிளாஸ்கோ மனுசி. என் வயது இருக்கும். வேலியோரக் கடைசி இடத்தில், பழைய சின்னக் கரவனில் ஒரு ரேடியோவுடன் தனியாக இருந்தார்.

காலையில் அவர் வாசலில் நின்று, சாப்பிட்ட ரோஸ்ட் பாணின் மிச்சத்தைச் சீகல் பறவைகளுக்கு எறிவார். சீகல் என்றால் சும்மா குருவி இல்லை. நல்ல சேவல் அளவு இருக்கும். ஒரு பிள்ளையின் கையிலிருந்த ஐஸ்கிறீமை அது கோனோடு கொண்டுபோனதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பலகை கட்டினேன். கட்டிவிட்டு ஜீனிடம் போய் வாசித்தும் காட்டினேன்.

அவர் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். "நீர் முந்தி ஆமியிலை இருந்தனீரோ?"

"ஆமியைக் கண்டு ஓடி வந்த ஆள் நான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நான் அந்தப் பக்கம் போனால் நிமிர்ந்து நின்று, ரோஸ்ட் பாண் பிடித்த கையாலேயே ஒரு சல்யூட் அடிப்பார். அவ்வளவுதான்.

சனிக்கிழமைத் திவசம்

லண்டனில் எங்கள் ஆட்கள் எந்த நாளில் செத்தாலும் திவசம் சனிக்கிழமைதான் வரும். ஹோல் அன்றைக்குத்தான் கேட்போம். ஆட்களுக்கு அன்றைக்குத்தான் லீவு. ஐயரும் அதற்கு ஏற்றமாதிரி ஒரு சமாதானம் சொல்லிவிடுவார். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எத்தனையோ பேரின் சனிக்கிழமைத் திவசங்களில் முன்வரிசையில் இருந்து, மூன்றாம் தரமும் பாயாசம் வாங்கிக் குடித்தவன்தான் நானும்.

என் மனைவியின் முறை வந்தபோதுதான் அது எனக்கு ஏறவில்லை.

சுகந்தி தொலைபேசியில் சொன்னாள். "அப்பா, லூயிஷாம் பக்கத்திலை ஒரு ஹோல் எடுத்திட்டன். சனிக்கிழமை."

"திதி புதன்கிழமை."

"புதன்கிழமை ஆர் அப்பா லீவு எடுத்துக்கொண்டு வரப்போயினம்?"

"கொம்மா சனிக்கிழமை பார்த்தே செத்தவ?"

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் வரமாட்டேன், திதியன்றே இங்கே என் கையால் சமைத்துப் படைப்பேன் என்றேன்.

"அங்கை ஆர் வந்து சாப்பிடப்போயினம்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"பார்க் முழுக்க என்ரை ஆக்கள்தான். நீ அங்கை சனம் பிடி. எனக்கு இஞ்சை சனம் தேடி வரும்."

போனை வைத்தேன். அந்தப் பார்க்கில் அப்போது என் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அலன். அவர் எப்போதாவதுதான் வருவார். மற்றவர் சல்யூட் அடிக்கிற ஜீன்.

ஐந்து கறி

அரிசி, பருப்பு, கறித்தூள், பப்படம் எல்லாம் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்தே ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். வாழைக்காய்க்கு அந்த ஊரில் எங்கே போவது? உருளைக்கிழங்குப் பிரட்டல், லீக்ஸ், போஞ்சி, கோவா வறை, பருப்பு. பாயாசமும் வைத்தேன். பாரிஸ் குசினியில் நின்றவனுக்கு இதெல்லாம் விளையாட்டு. கடுகைத் தாளித்தபோதுதான் புகை அலாரம் அலறியது. துவாயால் விசிறி அதை அடக்கினேன்.

மனைவியின் படம் ஒன்றும் கொண்டுபோகவில்லை. போனில் இருந்த படத்தைத் திறந்து பானையில் சாய்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திரை இருண்டுவிடும். கறியைக் கிளறிவிட்டு வந்து விரலால் தட்டி எழுப்புவேன். மறுபடி இருளும். மறுபடி தட்டுவேன்.

படையலில் இறந்தவருக்குப் பிடித்ததையும் வைக்க வேண்டும். அவருக்குப் பிடித்தது உப்பும் வினாகிரியும் போட்ட உருளைக்கிழங்குக் கிறிஸ்ப்ஸ். கடையில் கல்லாவுக்குக் கீழே எப்போதும் ஒரு பை திறந்திருக்கும். பார்க் கடையில் ஒன்று வாங்கி, காகத்துக்கு எடுத்த கோப்பையில் சோற்றுக்கும் கறிகளுக்கும் பக்கத்தில் வைத்தேன்.

சமையலுக்கு முதலே, காலையில், ஆட்களைக் கேட்கப் போனேன். எனக்குக் கொடுத்துத்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. மஞ்சள் ஜாக்கெட்டோடு வாடன் வருவதைக் கண்டதும் ஒவ்வொருவரும் முதலில் தங்கள் நாய் வாரில் கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். மத்தியானம் என் இடத்தில் சாப்பிட வாருங்கள் என்றேன். ஒரு ஜெர்மன் சோடி படகில் போகிறார்களாம். ஒரு குடும்பம் சாண்ட்விச் கட்டிவிட்டதாம். நீல வானில் வந்த மனிதர் ஒருவர், எவ்வளவு என்று கேட்டார். காசில்லை என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்து, மிகவும் நன்றி என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

என்ன நாள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் என்றால் சொல்லவே தேவையில்லை. திவசம் என்றால் தாங்களே வருவார்கள். இவர்களிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வேலியோரக் கரவனுக்கு மட்டும் நான் போகவே இல்லை.

கிறிஸ்ப்ஸ் பை

இப்போது மறுபடி அந்தக் கம்பிக்கூட்டுக்குப் பின்னால் வருகிறேன்.

கூப்பிட்டு அலுத்து, கோப்பையைச் சுவர்க்கட்டில் வைத்தேன். அப்போது மேலேயிருந்து வெள்ளையாக ஒன்று விழுந்தது. சீகல். சோற்றை அது திரும்பியும் பார்க்கவில்லை. கறிகளையும் பார்க்கவில்லை. கிறிஸ்ப்ஸ் பையை முழுதாகக் கவ்விக்கொண்டு, குளிக்கும் அறைக் கூரைக்குப் பறந்து போய், அங்கே இருந்து கிழித்தது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பார்.

"சேர்ஜன்ட், உமக்குப் பலகை வாசிக்கத் தெரியாதோ?"

ஜீன். வேலிப்பக்கம், கையில் தண்ணீர்க் கானோடு. இந்த நாளுக்காகவே காத்திருந்த மாதிரி ஒரு சிரிப்பு.

வேறு நாளென்றால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். வாய் அதற்கு வரவில்லை. என் மனைவி செத்து இன்றோடு ஒரு வருடம் என்றேன். முதலில் பறவை சாப்பிட வேண்டும், பிறகு ஆட்கள் சாப்பிட வேண்டும், அதன் பிறகுதான் நான் என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு என் கரவனைப் பார்த்தார். "பறவை சாப்பிடுது. ஆக்கள் எங்கை?"

"ஒருத்தருமில்லை."

என் வாழ்நாளில் அப்படி ஒரு வார்த்தையை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்ன பிறகு கடலைப் பார்த்தேன்.

ஜீன் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் சத்தம். தன் மடக்குக் கதிரையைத் தோளில் கொளுவிக்கொண்டு, தன் கோப்பையும் முள்ளுக்கரண்டியுமாக நின்றார். கரவன்காரர்கள் ஒருவர் இடத்துக்கு மற்றவர் போவது அப்படித்தான். கதிரையும் கோப்பையும் தங்களுடையது.

நான் நின்றபடி பரிமாறினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நீரும் இரும். ஒராள் நிண்டு பார்த்துக்கொண்டிருக்க எனக்கு எப்பிடி இறங்கும்?"

"எங்கடை வழக்கம் இது. நீங்கள் சாப்பிடுங்கோ."

சாப்பிட்டார். பருப்பில் ஒரு செத்தல் மிளகாய் அகப்பட்டு மூக்கு சிவந்தது. அதை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்தார். போனில் இருந்த படத்தைக் காட்டி, என்ன பெயர் என்று கேட்டார். தவமலர் என்றேன். அந்தப் பெயரை நான் வீட்டில் கூப்பிட்டதே இல்லை. இஞ்சாரும் என்றால் திரும்பிப் பார்ப்பார்.

எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டார். நாங்கள் முதல் கடை எடுத்தபோது அது எந்த நிலையில் இருந்தது, நான் அதை எப்படி நிமிர்த்தினேன் என்று தொடங்கினேன்.

"உம்மடை கடையை நான் கேக்கேல்லை. அவவைக் கேட்டனான்."

நின்று யோசித்துத்தான் சொன்னேன். சிரித்தால் வாயைக் கையால் மூடுவார். குடித்துவிட்டுக் கடைக்கு வந்து கத்துகிறவனிடம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுங்கோ தம்பி என்று தமிழில் சொல்வார். அவனும் போவான். நான் களஞ்சியத்துக்குள் இருந்தால், கிறிஸ்ப்ஸ் கடிக்கும் சத்தத்தை வைத்தே கடையில் ஆளில்லை என்று எனக்குத் தெரியும்.

ஜீன் கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் சோறு."

இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால்தான் எங்கள் ஆட்களுக்குச் சாப்பிட்ட கணக்கு. அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

புதன்கிழமை

ஜீன் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மனைவியின் படம் மறைந்து சுகந்தியின் பெயர் வந்தது.

"அப்பா, ஆரும் வந்தவையோ?"

பார்க் முழுக்க வந்தது என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. "ஒராள்" என்றேன்.

"சாப்பிட்டவரோ?"

"ரெண்டாந்தரம் சோறு வாங்கினவ."

பின்னால் அவளுடைய அலுவலகத்தில் ஏதோ இயந்திரம் கடதாசி துப்பிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் இனிச் சாப்பிடலாம்" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. "ஏன் பிள்ளை, நீ இன்னும் சாப்பிடேல்லையோ?"

"ஹோல்தான் அப்பா சனிக்கிழமை. அம்மான்ரை நாள் எனக்குத் தெரியாதே? விடியவே எழும்பிச் சமைச்சு, படைச்சுப்போட்டு, பெட்டியிலை கொண்டந்தனான். உங்களிட்டை ஆரும் ஒராள் வந்து சாப்பிட்டாப் பிறகு திறப்பம் எண்டு இருந்தனான்."

சனிக்கிழமை வருவீர்களா என்று அவள் கேட்கவில்லை. அலனிடம் லீவு கேட்டு, வெள்ளிக்கிழமை லண்டன் றெயின் எடுத்து, அந்த ஹோலின் முன்வரிசையில் நான் இருந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது பெரிய விஷயமில்லை.

"போனை வைச்சிடாதை" என்றேன்.

அதைப் பானையில் சாய்த்து வைத்துவிட்டு, எனக்கும் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தேன். லண்டனில் அவள் பெட்டியின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. சோறு ஆறித்தான் இருந்தது.

இரண்டு வாய் எடுத்திருப்பேன், கதவில் தட்டினார்கள். காலையில் எவ்வளவு என்று கேட்ட நீல வான்காரர். மழை தூறத் தொடங்கியிருந்தது. அவருடைய கறண்ட் விழுந்துவிட்டதாம்.

"கொஞ்சம் பொறுங்கோ, நாங்கள் சாப்பிடுறம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் என் தோளுக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்தார். மற்ற ஆளைத் தேடுகிறார் என்று தெரிந்தது. நான் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து இருந்தேன்.

"ஆர் அப்பா?"

"கறண்ட் போன ஆள். அவர் நிப்பார். நீ சாப்பிடு."